மும்பைக் கழிக்கரையில் பறவை பார்க்கத் தயாராவது எப்படி: ஓத அட்டவணையிலிருந்து குறிப்பேடு வரை

மும்பையில் புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் பைனாகுலர் வாங்குகிறார்கள், அடுத்து விடுமுறை நாளொன்றைக் குறிக்கிறார்கள், அதன்பின் இடத்தைத் தேடுகிறார்கள், ஓதம் எனப்படும் கடல்நீரின் ஏற்றவற்றத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் என்னுடன் வரும் நண்பர்களில் பலர், என்னுடன் வருவதற்கு முன்பே ஒருமுறை, கடல்நீர் உள்ளே புகும் தாணே கழியின் கரையிலுள்ள சிவ்ரிக்குத் தனியாகப் போய், பூநாரைக் கூட்டத்தைத் தொலைவில் மங்கலான இளஞ்சிவப்புக் கோடாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். அவர்கள் போன மாதமும் இடமும் சரியானவையே. போன மணி மட்டும் தவறானது. தாணே கழியை ஒட்டிய சதுப்பு நிலங்களில் பறவை எங்கே நிற்கும் என்பதை நீர்மட்டமே தீர்மானிப்பதால், இந்த வழிகாட்டியின் படிகள் ஓதத்திலிருந்தே தொடங்குகின்றன.

1. முதலில் ஓதம், பிறகு தேதி

மும்பைக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. உச்ச ஏற்றத்திலிருந்து முழு வற்றத்துக்கு ஏறத்தாழ ஆறேகால் மணி நேரம் ஆகும். அடுத்த நாள் அதே ஏற்றம் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக வரும். இந்த இரண்டு செய்திகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதித் திட்டமிடல் முடிந்துவிடும்.

தோராயக் கணக்குக்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தினக்காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் மும்பையில் உச்ச ஏற்றம் நண்பகல் 12 மணியை ஒட்டியும், வற்றம் காலை, மாலை 6 மணியை ஒட்டியும் வரும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் இது தலைகீழாகி, ஏற்றம் காலையிலும் மாலையிலும், வற்றம் நண்பகலிலும் அமையும். ஏகாதசி வாக்கில் ஏற்றம் காலை 9 மணிக்கு அருகே வந்து சேரும். இவை தோராயமான நேரங்கள் என்பதால், நாளைக் குறித்த பின் டைட் டேபிள் எனப்படும் ஓத அட்டவணையில் அந்தத் தேதிக்கான துல்லியமான மணியையும் உயரத்தையும் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். மும்பைத் துறைமுகத்துக்கான அட்டவணை இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. கழியின் உட்பகுதிக்கு நீர் சற்றுத் தாமதமாக வந்து சேரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அட்டவணையைப் படிப்பதில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, நீர் ஒரே வேகத்தில் இறங்குகிறது என்று எண்ணுவதுதான். முதல் மணி நேரத்தில் மொத்த வேறுபாட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கும், இரண்டாவதில் இரண்டு பங்கும், மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மும்மூன்று பங்கும், ஐந்தாவதில் இரண்டும், ஆறாவதில் ஒன்றுமாக நீர் இறங்கும். எடுத்துக்காட்டாக, பகல் 12.30 மணிக்கு ஏற்றம் 4.5 மீட்டர், மாலை வற்றம் 0.9 மீட்டர் என்று அட்டவணை சொன்னால் வேறுபாடு 3.6 மீட்டர். பகல் 1.30 வரை 0.3 மீட்டரே இறங்கியிருக்கும்; 3.30 மணிக்கு 1.8 மீட்டர் இறங்கிவிடும். அடுத்த ஒரே மணி நேரத்தில் மேலும் 0.9 மீட்டர் குறையும். சேறு தென்படத் தொடங்கிய பின் பறவைகள் ஏன் கண்ணெதிரே வேகமாக விலகிப் போகின்றன என்பதற்கு இதுவே காரணம். அவை நீர்விளிம்பைப் பின்தொடர்ந்து போகின்றன. எனவே சேறு வெளிப்படும் தருணத்துக்கு அரை மணி முன்பே நீங்கள் கரையில் இருக்க வேண்டும்.

2. இடத்தையும் ஒளியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தல்

ஓதம் தெரிந்தபின் இடம் தானாகவே முடிவாகும். ஃபிளமிங்கோ எனப்படும் பூநாரைகள் சேற்றுப்பரப்பில் இரைதேடுகின்றன; சேறு நீரில் மூழ்கியதும் ஆழமற்ற வேறு நீர்நிலைகளுக்குச் சென்று ஓய்வெடுக்கின்றன. ஆகவே ஏற்றத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னரும் பின்னரும் சிவ்ரி பொருத்தமான இடம். உச்ச ஏற்றத்தின்போது நவி மும்பையின் சீவுட்ஸ் பகுதியில் உள்ள டி.எஸ். சாணக்யா கடல்சார் பயிற்சி நிறுவனம், என்.ஆர்.ஐ. குடியிருப்பு வளாகம், டி.பி.எஸ். பள்ளி ஏரி ஆகியவற்றை ஒட்டிய நீர்நிலைகள் பொருத்தமானவை. முழு வற்றத்தில் சிவ்ரிக்குச் செல்வது வீண். பறவைகள் பைனாகுலர் எட்டாத தொலைவில் இருக்கும்.

அஷ்டமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகம் உயராது. சேற்றின் ஒரு பகுதி மூழ்காமலே இருந்துவிடுவதால், அந்த நாள்களில் சீவுட்ஸ் நீர்நிலைகளுக்கு வரும் பறவைகள் குறைவாக இருக்கக்கூடும். ஓய்விடங்களைப் பார்க்க விரும்புவோர் ஏற்றத்தின் உயரத்தையும் கவனிக்க வேண்டியது இதனால்தான்.

அடுத்தது ஒளி. இதை எவரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. சிவ்ரி கழியின் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே நாம் கிழக்கு நோக்கி நிற்கிறோம். காலையில் சூரியன் நேர் எதிரே இருப்பதால் எல்லாப் பறவைகளும் கருநிழலாகத் தெரியும். பூநாரையின் நிறமோ, சேற்றில் இரைதேடும் கரைப்பறவையான உள்ளானின் கால் நிறமோ புலப்படாது. “பறவை பார்ப்பதென்றால் விடியற்காலை” என்ற பொது விதி, காட்டில் சரியாக இருந்தாலும் சிவ்ரியில் பொருந்துவதில்லை. அங்கே பிற்பகல் 3 மணிக்குமேல் வெயில் முதுகுப்பக்கம் வந்துவிடும். நவி மும்பையின் ஐரோலி கழியின் கிழக்குக் கரையில் இருப்பதால் அங்கே காலை நேரமே நல்லது.

இரண்டையும் இணைத்தால் இரண்டு நல்ல திட்டங்கள் கிடைக்கின்றன. அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாள்களில் பகல் ஒரு மணிவாக்கில் ஏற்றம் முடிவதால், பிற்பகல் 3 முதல் 5 மணி வரை சிவ்ரி. ஏகாதசி வாக்கில் காலை ஏற்றத்தின்போது சீவுட்ஸ். முதல்முறை செல்பவருக்கு நான் சிவ்ரித் திட்டத்தையே பரிந்துரைப்பேன். நீர் இறங்குவதும் பறவைகள் இடம் மாறுவதும் ஒரே இடத்தில் நின்றபடி புரிந்துவிடும்.

தரையிலிருந்து பார்ப்பதோடு நிறைவடையாதவர்களுக்கு, ஐரோலியில் உள்ள கடலோர, கடல்சார் பல்லுயிர் மையத்திலிருந்து வனத்துறையின் ஏற்பாட்டில் படகுப் பயணம் நடக்கிறது. படகின் நேரம் ஓதத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும் என்பதால், நேரத்தை உறுதிசெய்து முன்பதிவு செய்த பிறகே மற்ற ஏற்பாடுகளைத் தொடங்க வேண்டும்.

3. மாதம்

பூநாரைகள் பொதுவாக நவம்பர் வாக்கில் வரத் தொடங்கி மழைக்காலத்துக்கு முன் கிளம்பிவிடுகின்றன. முதல் பயணத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே சிறந்தவை. பூநாரைகளும் இருக்கும், வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான்களும் இருக்கும், வெயிலும் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் பூநாரைகள் மிகுந்திருந்தாலும் நிழலற்ற கரையில் பிற்பகலில் நிற்பது குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் உகந்ததன்று.

4. ரயிலும் அனுமதியும்

சிவ்ரி ரயில் நிலையம் ஹார்பர் வழியில் இருக்கிறது. செம்பூரிலிருந்து சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம்) செல்லும் வண்டியில் நேராக இறங்கலாம்; மாட்டுங்காவில் இருப்பவர்கள் கிங்ஸ் சர்க்கிளில் ஏறுவது எளிது. நிலையத்தின் கிழக்குப் பக்கமாக வெளியேறிப் படகுத்துறை நோக்கிச் செல்ல வேண்டும். லாரிகள் ஓயாமல் செல்லும் சாலை அது. குழந்தைகளைக் கையில் பிடித்தபடி நடக்க வேண்டும், இல்லையெனில் டாக்ஸி எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை செல்வதாக இருந்தால், சனிக்கிழமையே மெகா பிளாக் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பராமரிப்புப் பணிக்காக ஹார்பர் வழியில் வண்டிகள் நிறுத்தப்படும் நேரம் பெரும்பாலும் முற்பகல் 11 மணி முதல் மாலை 4 அல்லது 5 மணி வரை நீளும். நமக்கு வேண்டிய ஓத நேரமும் சரியாக அதற்குள்ளேயே விழும். ரயில் தாமதமானால் பொறுத்துக்கொள்ளலாம். நீர் நமக்காகக் காத்திருக்காது. பிளாக் இருந்தால் 11 மணிக்கு முன்பே போய்ச் சேரலாம், அல்லது சாலை வழியே செல்லலாம், அல்லது சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சிவ்ரிக் கரை துறைமுகப் பகுதிக்குள் வருவதால் அடையாள அட்டை ஒன்றை வைத்திருங்கள். காவலர் கேட்டால் காட்டவும், அவர் போகக்கூடாதென்று சொல்லும் பக்கம் போகாமல் இருக்கவும் வேண்டும். கழியின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2022-இல் தாணே கழி, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ட்ரோன் பறக்கவிடுவது, அலையாத்திக் காட்டுக்குள் இறங்குவது போன்றவற்றை வனத்துறை கடுமையாகவே எடுத்துக்கொள்ளும்.

5. பைனாகுலரை வீட்டிலேயே கண்ணுக்குப் பொருத்துதல்

புதிதாக வாங்குவதாக இருந்தால் 8x42 (8 மடங்கு பெரிதாக்கம், 42 மி.மீ. முகப்பு வில்லை) போதும். 10x42 பறவையைச் சற்றுப் பெரிதாகக் காட்டினாலும் கைநடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். படகில் அது பெருந்தொல்லை. ஆளுக்கொரு விலையுயர்ந்த பைனாகுலர் வாங்குவதைவிட, ஒரு குழுவுக்கு முக்காலியுடன் கூடிய ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி ஒன்று கிடைத்தால் சேற்றுப்பரப்பில் அதன் பயன் அதிகம்.

கையில் இருக்கும் பைனாகுலரைக் கிளம்புவதற்கு முந்தைய நாளே சரிசெய்துகொள்ள வேண்டும். புதியவர்களில் பெரும்பாலோர் நடுவில் உள்ள சக்கரத்தை மட்டுமே திருப்புகிறார்கள். வலக்கண் வில்லையைச் சுற்றியுள்ள சிறு வளையத்தைத் தொடுவதே இல்லை. நம் இரு கண்களின் பார்வைத்திறனும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வேறுபாட்டை ஈடுசெய்வதற்கே அந்த வளையம் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஒரு மணி நேரம் பார்த்தால் தலைவலி நிச்சயம்.

முறை இதுதான். பால்கனியில் நின்று எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகை போன்ற அசையாத ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரு குழல்களையும் மடக்கியும் விரித்தும், தெரியும் இரு வட்டங்களும் ஒரே வட்டமாகும்படி செய்யுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்ணருகே உள்ள ரப்பர் கிண்ணத்தை உள்ளே தள்ளிவிட வேண்டும். அணியாதவர்கள் வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தால் எழுத்துகளைத் தெளிவாக்குங்கள். பின் இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்துகளைத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி அன்றாடம் நடுச்சக்கரம் மட்டும் போதும். குடும்பத்தில் இன்னொருவர் அதே கருவியைப் பயன்படுத்தினால் அவருக்கும் தனியே இதைச் செய்துதர வேண்டும்.

அதோடு ஒரு பயிற்சி. பறவை மீதிருந்து பார்வையை எடுக்காமல், கைகளை மட்டும் உயர்த்திப் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு மீண்டும் நிமிர்ந்து தேடினால், மரமோ கிளையோ இல்லாத சேற்றுவெளியில் பறவையை மறுபடி கண்டுபிடிப்பது கடினம். தெருவில் வட்டமிடும் பருந்தையும், மின்கம்பியில் உட்காரும் காக்கையையும் வைத்து ஒரு வாரம் பழகினால் போதும்.

6. முன்னதாகவே அறிந்துகொள்ள வேண்டிய பறவைகள்

பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பறவைகளை நன்றாகத் தெரிந்துகொண்டால், தெரியாத பறவையை அவற்றோடு ஒப்பிட்டு விவரிக்க முடியும்.

பூநாரைகளில் இரண்டு வகை வருகின்றன. பெரிய பூநாரையின் அலகு வெளிர் இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறிய பூநாரையின் அலகு முழுவதுமே கருஞ்சிவப்பு. தொலைவிலிருந்து பார்த்தால் கறுப்பாகவே தெரியும். உடல் நிறத்தைக் கொண்டு பிரிக்க முயல்வதுதான் வழக்கமான தவறு. ஒளியாலும் வயதாலும் நிறம் மாறும், இளம்பறவைகள் சாம்பல் பழுப்பாகவே இருக்கும். முதலில் அலகைப் பாருங்கள், பிறகு உயரத்தை ஒப்பிடுங்கள். பெரியது ஏறத்தாழ 120 முதல் 150 செ.மீ. வரையும், சிறியது 80 முதல் 90 செ.மீ. வரையும் உயரம் கொண்டது. இரை உண்ணும் முறையும் உதவும்: சிறியது நீரின் மேற்பரப்பில் உள்ள நுண்பாசியை வடிகட்டி உண்கிறது, பெரியது தலையை ஆழமாக அமிழ்த்திச் சேற்றில் வாழும் சிற்றுயிர்களையும் உண்கிறது.

பூநாரைகளோடு நின்றுவிடாதீர்கள். அவற்றின் காலடியில் ஓடித்திரியும் சிறு பறவைகளில்தான் இந்தக் கரையின் வளம் முழுமையாகத் தெரியும். நெடுங்கால் உள்ளான், பவளக்கால் உள்ளான், பச்சைக்கால் உள்ளான், கருவால் மூக்கன், மேல்நோக்கி வளைந்த அலகுடைய கோணமூக்கு உள்ளான், கொசு உள்ளான், உப்புக்கொத்தி, கடற்காகம், ஆலா, அரிவாள் மூக்கன், மஞ்சள் மூக்கு நாரை, மீனைக் குறிவைத்து மேலே வட்டமிடும் விரால் அடிப்பான் ஆகியவற்றை முதல் பட்டியலாகக் கொள்ளலாம். உள்ளான்களில் கால் நிறம், அலகின் நீளம், அலகின் வளைவு ஆகிய மூன்றையும் மட்டும் கவனியுங்கள். உப்புக்கொத்தியை அதன் நடையாலேயே அறியலாம்: சில அடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். உள்ளான்கள் அப்படி நின்று நின்று போவதில்லை. தொடர்ந்து நடந்தபடி அலகால் சேற்றைத் துழாவும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலை ஏற்றும் ஈபேர்ட் தளத்தில் அந்த இடத்தின் அண்மைப் பட்டியலைப் பாருங்கள். பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியில் இந்தியாவுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

7. உடையும் பையும்

மங்கிய பச்சை, காக்கி, சாம்பல் நிற உடை, விளிம்புள்ள தொப்பி, மூடிய காலணி. பளிச்சென்ற வெள்ளையையும் சிவப்பையும் தவிர்க்க வேண்டும். திறந்தவெளியில் நம் அசைவு பறவைக்கு முதலில் தெரிவது அவற்றால்தான். ஐந்து மணிக்குமேல் கொசு கடிக்கும் என்பதால் முழுக்கை அவசியம். கரையில் கழிப்பறையோ கடையோ இருக்குமென்று நம்பிப் போகக்கூடாது. ரயில் நிலையத்திலேயே ஏற்பாடுகளை முடித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது எடுத்துச் செல்ல வேண்டும். சேற்றிலும் கழிவுநீரிலும் எழும் வாடை சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். முதல்முறை வருபவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

உணவுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நல்ல தேர்வு. அது கெடாது, சிந்தாது. ஆனால் எண்ணெய் பட்ட விரலால் வில்லையைத் தொட்டால் காட்சி முழுதும் மங்கிவிடும். சட்டைநுனியால் துடைத்தால் மேற்பூச்சில் கீறல் விழும். கரண்டியும், வில்லை துடைக்கும் துணி ஒன்றும் பையில் இருக்கட்டும். மிச்ச உணவைக் கரையில் போடக்கூடாது. அது நாய்களை வரவழைக்கும், நாய்கள் வந்தால் கூட்டம் கலைந்துவிடும்.

8. கரையில் நடந்துகொள்ளும் முறை

போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிடம் பைனாகுலரைத் தொடாமல் வெறுங்கண்ணால் பாருங்கள். நீர்விளிம்பு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எந்தக் கூட்டம் அருகில் இருக்கிறது என்பது இப்போதே தெரிந்துவிடும்.

பிறகு கரையோரம் ஒரே இடத்தில் நில்லுங்கள். ஒருவர் கண்ட பறவையை மற்றவருக்குக் காட்ட, விரலை நீட்டுவதைவிட நிலையான அடையாளம் ஒன்றைச் சொல்வது பயன்தரும். சிவ்ரியில் அடல் சேது என்னும் கடற்பாலத்தின் தூண்கள் இதற்கு மிகவும் உதவும்: “இடமிருந்து நான்காவது தூண், அதற்கு நேர்க் கீழே, நீர்விளிம்பில்” என்றால் எல்லாருக்கும் உடனே புரியும்.

ஸ்கோப்பில் பெரிதாக்கும் அளவை முதலிலேயே உச்சத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வெயிலில் சேற்றின்மேல் எழும் கானலால் காட்சி நடுங்கும். 20 முதல் 30 மடங்கு வரை வைத்தால் அலகின் நிறம் தெளியும். 60 மடங்கில் அதே அலகு கரைந்துபோகும்.

படம் எடுப்பதற்காகச் சேற்றில் இறங்குவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக்கூடாது. மேலே உலர்ந்ததுபோல் தெரியும் சேறு முழங்கால் வரை உள்வாங்கும். நீர் திரும்பி ஏறும்போது வெளியேற முடியாமல் போகும். பறவைக்கும் அது பெருந்துன்பம். வலசைக்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் பறவைக்கு, சேறு திறந்திருக்கும் அந்தச் சில மணி நேரமே உணவு நேரம். ஒவ்வொரு முறை எழுப்பப்படும்போதும் உண்ட ஆற்றலை அது இழக்கிறது.

நாம் நெருங்கிவிட்டோம் என்பதைப் பூநாரைகளே காட்டிவிடும். முதலில் விளிம்பில் உள்ள சில பறவைகள் உண்பதை நிறுத்திக் கழுத்தை நேராக நிமிர்த்தும். அடுத்து, கூட்டம் முழுவதும் ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். முதல் அறிகுறியிலேயே நின்றுவிட வேண்டும். இரண்டாவது தென்பட்டால் மெதுவாகப் பின்வாங்க வேண்டும். பறக்கும் படத்துக்காகக் கைதட்டுவதும் கல்லெறிவதும் சில குழுக்களில் நடக்கின்றன. அப்படிச் செய்பவரை அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும். வயதில் மூத்தவராக இருந்தாலும், “வேண்டாம் சார், கூட்டம் கலைந்துவிடும்” என்று சொல்லத் தயங்காதீர்கள்.

9. எண்ணுதல், குறித்தல், அடுத்த நாளைக் குறித்தல்

பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தின் அளவைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப்போல் பத்து மடங்கு இடம் நூறு பறவைகள். அந்த நூறை அளவுகோலாக வைத்துக் கூட்டத்தை இடமிருந்து வலமாக அளந்துகொண்டே போகலாம். முன்னே நெருக்கமாகவும் பின்னே சிதறியும் நிற்கும் கூட்டமாக இருந்தால், இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனி அளவுகோல் வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணிப் பின் ஒப்பிடுவது நல்லது.

குறிப்பேட்டில் பறவைப் பெயருக்கு முன் மணி, நீர் ஏறுகிறதா இறங்குகிறதா, ஒளி எந்தப் பக்கம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பெயர் தெரியாத பறவையென்றால் கால், அலகு, நடை, அருகில் நின்ற தெரிந்த பறவையோடு ஒப்பிட்ட உயரம் ஆகியவற்றை எழுதிய பிறகே செயலியைத் திறக்க வேண்டும். படத்தை முதலில் பார்த்துவிட்டால், கண்ட பறவையை விட்டுவிட்டுப் படத்தில் உள்ள பறவையையே எழுதிவிடுவோம்.

வெளிச்சம் குறையும் முன்பே சாலைக்குத் திரும்பிவிடுங்கள். இருட்டில் அந்த லாரிச் சாலை பாதுகாப்பானதன்று. வீட்டுக்கு வந்ததும் காலணியில் ஒட்டிய சேற்றைக் கழுவி, பட்டியலை ஈபேர்டில் ஏற்றிவிட்டு, காலண்டரில் 15 நாள்கள் தள்ளி ஒரு குறியிடுங்கள். ஓதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், இரண்டு வாரம் கடந்ததும் கிட்டத்தட்ட அதே மணிக்கு அதே நீர்மட்டம் திரும்பி வரும். அதே இடத்தில் நின்று இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால், எந்தப் பறவை கூடியிருக்கிறது, எது கிளம்பிவிட்டது என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரிந்துவிடும்.